தெருமுனை ஓட்டலின் வாசல்

நேற்றுவரை பூட்டிக் கிடந்த தெருமுனைக் கடையின் இருபுறமும் இன்று குலை தள்ளிய வாழை மரங்கள் நிற்கின்றன. மேலே மாவிலைத் தோரணம், கீழே செம்மண் இட்ட கோலம், கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையார் படமும் ஒரு முழம் மல்லிகையும். விடியற்காலை ஹோமத்தின் புகை அடங்குவதற்குள் கேசரியும் காபியும் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. சாயங்காலத்துக்குள் தெரு தன் தீர்ப்பைச் சொல்லிவிடும். சாம்பார் பரவாயில்லை, சட்னி நீர்த்துப் போயிருக்கிறது, காபி நன்றாக இருக்கிறது, தோசை மாஸ்டர் பழைய ஆள்தான்.

இந்தப் பேச்சில் ஒரு விஷயம் மட்டும் வருவதே இல்லை. உள்ளே நுழைந்த யாரிடமும் அவர் யார், எந்தத் தெரு, என்ன ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். எதிரே முன்பின் தெரியாத ஒருவர் பூரிக்குக் கிழங்கு கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

இன்றைக்கு இது மூச்சு விடுவதைப் போல இயல்பாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் ஓட்டல்களில் இந்த இயல்பு வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்காக வாதாடினார்கள், மறியல் செய்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். தமிழ்நாட்டு ஓட்டலின் வரலாற்றை ருசியின் வரலாறாக எழுதியவர்கள் பலர். அதை வாசலின் வரலாறாகவும் படிக்க வேண்டியிருக்கிறது.

சோற்றை விற்கலாமா?

வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது பழைய தமிழகத்தில் அறம். அதை விலைக்கு விற்பது அவ்வளவு மரியாதையான காரியமாகக் கருதப்படவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் அட்டில் சாலைகளில் வடித்த கஞ்சி ஆறாக ஓடித் தெருவைச் சேறாக்கியதைப் பட்டினப்பாலை வர்ணிக்கிறது. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியும் காசு கேட்காத பாத்திரம்தான். தின்பண்டம் விற்றவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அப்பம் சுட்டு விற்ற கூவியரை மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் காட்டுகின்றன. ஆனால் பலகாரம் வேறு, சோறு வேறு. பலகாரத்தைக் கடையில் வாங்கலாம். சோற்றை வீட்டில் உண்ண வேண்டும், அல்லது சத்திரத்தில்.

சத்திரங்களின் பொற்காலத்தைத் தஞ்சை மராட்டியர் ஆட்சியில் பார்க்கலாம். ராமேஸ்வரம் போகும் யாத்திரைப் பாதை நெடுகிலும் அரச குடும்பத்தின் பெயரில் சத்திரங்கள் எழுந்தன. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தின் கற்குதிரைகளும் யானைகளும் இன்றும் அந்தப் பழைய தாராளத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. சத்திரத்தில் எல்லாருக்கும் சோறு உண்டு. ஆனால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் பக்கத்தில் இருந்தார் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் ஒருவர் இலை முன் உட்கார மாட்டார்.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது ரயில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி முதல் ரயில் கிளம்பியது. அதற்குப் பின் கட்டுச்சோறு தீர்ந்த ஊரில் இறங்கி நிற்கும் மனிதர்கள் பெருகினார்கள். கோர்ட்டும் கச்சேரியும் கல்லூரியும் பட்டணத்தில் குவிந்தன. மனைவியையும் தாயையும் கிராமத்தில் விட்டுவிட்டு வந்த குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் தினம் இரண்டு வேளைச் சாப்பாடு யாராவது போட்டாக வேண்டியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு சோறு போடும் வீடுகள் இந்தத் தேவையில் முளைத்தன. திண்ணையில் பத்துப் பேருக்கு இலை போட்ட வீடுதான் பிறகு மெஸ் ஆயிற்று. மாசக் கணக்கு, எடுப்புச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என்ற சொற்களெல்லாம் அந்தத் திண்ணைகளின் வழியில் வந்தவை.

காபி கிளப்பில் கூடிய கூட்டம்

சோற்றைச் சுற்றி இருந்த கட்டுப்பாடு காபியைச் சுற்றி இல்லை. காபி புதிது. அதை யார் கையில் வாங்கிக் குடிக்கலாம், யார் கையில் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நகரத்து நடுத்தர வீடுகளில் நீராகாரம் இருந்த இடத்தை அது பிடிக்கத் தொடங்கிவிட்டது. சமூக வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தமது நூல் ஒன்றுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று பெயரிட்டதன் காரணம் இதுதான். ஒரு பானம் வந்ததையே காலத்தின் எல்லைக்கோடாகக் கொள்ளலாம் என்ற அளவுக்கு அது தமிழர் வாழ்க்கையை மாற்றியது.

வீட்டுக்கு வெளியே காபி கிடைத்த இடத்துக்குக் காபி கிளப் என்று பெயர். கிராமத்தில் அது கிளப்புக்கடை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு மட்டுமென்று வைத்திருந்த கிளப்புகளின் பெயர் எப்படியோ இட்லி வேகும் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது. அதேபோல், தங்கும் விடுதிக்கு உரிய ‘ஹோட்டல்’ என்ற சொல்லும் தமிழில் சாப்பாட்டுக் கடையைக் குறிக்கத் தொடங்கியது. இன்றும் தமிழன் ஓட்டலுக்குப் போகிறேன் என்றால் சாப்பிடப் போகிறான் என்றுதான் அர்த்தம்.

கிளப்பின் உள்ளே கல் பதித்த மேஜைகள், மர நாற்காலிகள், கல்லாவில் முதலாளி. அடுப்படியில் சரக்கு மாஸ்டர் ராஜாங்கம். ஈயம் பூசிய பித்தளை டம்ளரும் டபராவும். எவர்சில்வர் வந்து எல்லாவற்றையும் ஒரே பளபளப்பாக்கியது சுதந்திரத்துக்குப் பின்னர்தான். எச்சில் பற்றிய அச்சம் பாத்திரங்களின் மேல் படிந்திருந்த காலத்தில் வாழையிலைதான் ஓட்டல்காரருக்குப் பெரிய துணை. இன்னொருவர் உண்டு கழுவிய தட்டு என்ற பேச்சுக்கே இலையில் இடமில்லை. தண்ணீரை அண்ணாந்து குடித்துவிடலாம். சுடச்சுட நுரைத்து நிற்கும் காபியை அண்ணாந்து குடிக்க முடியாது. உதட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் டம்ளர்தான் முதல் சிக்கலாயிற்று.

சிக்கலைத் தீர்க்கப் பட்டணத்துக் கிளப்புகள் கண்ட வழி, சுவர். ‘பிராமணாள்’ உட்காருமிடம் ஒன்று, ‘இதராள்’ உட்காருமிடம் வேறு. ‘பஞ்சமர்’ என்று அழைக்கப்பட்டவர்களுக்கு இரண்டிலும் இடமில்லை. அவர்கள் நுழையக் கூடாது என்று எழுதிய பலகையையே வாசலில் மாட்டிய கடைகள் இருந்தன. ஒரே அடுப்பில் வெந்த இட்லி இரண்டு அறைகளுக்குப் போனது. மூன்றாவது ஆளுக்கு அது வாசலைத் தாண்டி வரவே இல்லை.

உடுப்பியிலிருந்து ஒரு வரிசை

மதராஸ் ஓட்டல்களைப் பற்றிப் பேசும் யாரும் உடுப்பியைத் தாண்டிப் போக முடியாது. இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் தென்கன்னட மாவட்டம் 1956 மாநில மறுசீரமைப்பு வரை சென்னை மாகாணத்தின் பகுதி. ஆகவே அங்கிருந்து வேலை தேடிக் கிளம்பிய இளைஞனுக்கு மதராஸ் அயலூர் இல்லை, தலைநகர். கிருஷ்ணன் கோவிலைச் சுற்றிய எட்டு மடங்களின் அடுக்களைகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் பழகிய கைகள், வெங்காயம் பூண்டு சேர்க்காத மடப்பள்ளிச் சமையலோடு ரயிலேறின.

கடந்தலே என்ற சிற்றூரில் பிறந்த கே. கிருஷ்ண ராவ் அப்படி வந்தவர்களில் ஒருவர். ஓட்டல் அடுக்களையில் எடுபிடியாகத் தொடங்கியவர், 1920களில் சொந்தமாகத் தொழில் நடத்தும் நிலைக்கு வந்தார். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் அவர் பெயரை நகரத்துக்குச் சொன்னது. 1938ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டலாக்கினார். மரங்கள் சூழ்ந்த அந்த வீட்டின் பெயர் உட்லண்ட்ஸ். அந்தப் பெயரே பிறகு சைவ ஓட்டலுக்கு மறுபெயராக உலகம் சுற்றியது.

மைசூரில் தொடங்கிய தாசப்பிரகாஷும் சென்னைக்கு வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பெரிய கட்டடம் எழுப்பியது. திருவல்லிக்கேணியில் 1948ல் வந்த ரத்னா கபேயின் கதை இன்னும் சுவையானது. அதைத் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். ஆனால் அங்கே போனவர்கள் கேட்டது இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார். மதராஸ்காரர்கள் தங்கள் சொந்த ருசி என்று கொண்டாடிய ஒரு சாம்பாரைப் புகழ்பெறச் செய்தது யமுனைக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்பதில் இந்நகரத்தின் குணம் தெரிகிறது. வந்தவர் சமைத்தார், இருந்தவர் உண்டார், இரண்டு தலைமுறையில் அது ஊர்ச் சமையல் ஆகிவிட்டது.

உடுப்பிக்காரர்கள் செய்த பெரிய காரியம் விலையையும் சுத்தத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கட்டியது. உட்கார்ந்ததும் தண்ணீர். கேட்டதும் டிபன். சர்வர் வாயாலேயே பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நெய்த் தோசையா, ரவாவா, ஊத்தப்பமா என்று யோசிப்பதற்குள் வடை வந்துவிடும். ஏழை குமாஸ்தாவும் இரண்டு இட்லிக்காக நாற்காலி இழுத்து உட்கார்ந்து பத்து நிமிஷம் மரியாதையோடு கவனிக்கப்பட்டான். ஆனால் அந்த மரியாதைக்கும் அன்று எல்லை இருந்தது. எல்லை எங்கே என்பதைப் பலகை சொன்னது.

பலகையை இறக்கியவர்கள்

சேர்ந்து உண்பது பற்றிய சண்டை ஓட்டலுக்குள் வெடிப்பதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் வெடித்தது. வ.வே.சு. ஐயர் 1922ல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின்னர் சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலம், தேசியக் கல்விக்கான கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியாக உண்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்ததும் தமிழ்நாடு கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எதிர்த்து நின்றார்கள். வழக்கு காந்தி வரை போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் அவர் உயிர் போனது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். இரண்டு பிள்ளைகளின் இலை எங்கே போடப்பட்டது என்ற கேள்வி ஒரு மாகாணத்தின் அரசியல் திசையைத் திருப்பியதில் பங்கு வகித்தது.

ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலும் இரண்டு அறைகள் இருந்தன. ரயில் பெட்டிக்குள் டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்து உட்கார்ந்தவர்கள், இறங்கிச் சாப்பிடும்போது ஜாதியைப் பார்த்துப் பிரிந்தார்கள். இதற்கு எதிரான கண்டனம் தொடர்ந்து எழுந்தது. ஈ.வெ.ரா. பெரியாரும் அவருடைய தோழர்களும் விடாமல் வலியுறுத்தியதன் பின்னர் 1941ல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, ஜாதியின் பெயரால் யாரையும் அவற்றில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்றது. உலகத்தின் நீண்ட அரசமைப்புச் சட்டங்களில் ஒன்றை எழுதியவர்கள் ஓட்டலையும் கிணற்றையும் குளக்கரையையும் மறக்கவில்லை. அவமானம் எங்கே நடந்தது என்று அவர்களில் பலருக்கு நேரடியாகத் தெரியும். 1955ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அந்தத் தடையை மீறுவோருக்குத் தண்டனையும் வைத்தது.

சட்டம் வாசலைத் திறந்தது. வாசலுக்கு மேலிருந்த சொல் அப்படியே இருந்தது. சென்னை நகரத்திலேயே ‘பிராமணாள்’ என்ற அடைமொழியோடு ஓட்டல்கள் நடந்தன. அது சமையலின் வகையைக் குறிக்கிறது என்றார்கள் உரிமையாளர்கள். அது மற்றவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று சொல்லாமல் சொல்கிறது என்றார் பெரியார். 1957 மே மாதம் திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கபே முன்னால் மறியல் தொடங்கியது. நாள்தோறும் தொண்டர்கள் வந்தார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 1958ல் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது.

கல் எறியாமல், கடையைச் சூறையாடாமல், ஒரு சொல்லுக்காக ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் தெருவில் நின்ற மனிதர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. திருவல்லிக்கேணியில் இன்று காபி குடிப்பவர் எவரும் எந்தப் பலகையையும் பார்த்துத் தயங்குவதில்லை என்பதே அவர்களுக்கான நினைவுச்சின்னம்.

முனியாண்டி துணை

சைவ ஓட்டல்களின் வரலாறு அதிகம் எழுதப்பட்டுவிட்டது. கறியும் மீனும் போட்ட கடைகளின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. நல்ல தெருவில் அவற்றுக்கு இடம் கிடைப்பதே கஷ்டம். ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று பெயர் வைத்தால் உள்ளே கறி உண்டு என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டு ஓரமும் சந்தைப் பக்கமும் தறிமில் வாசலும் அவற்றின் இருப்பிடம்.

மதுரை மாவட்டத்தின் வடக்கம்பட்டி இந்த வரலாற்றில் முக்கியமான ஊர். மழை பொய்த்த கரிசல் பூமி. அந்த ஊரைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1937ல் காரைக்குடியில் ஓட்டல் ஒன்றைத் தொடங்கி, ஊர்த் தெய்வமான முனியாண்டியின் பெயரை வைத்தார். வியாபாரம் நிலைத்ததும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து தொழில் பழகி, வேறு ஊர்களுக்குப் போய் அதே பெயரில் கடை போட்டார்கள். முனியாண்டி விலாஸ் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கவும் அண்டை மாநிலங்களிலும் பரவியது இப்படித்தான். தலைமை அலுவலகமும் கிடையாது, கிளை ஒப்பந்தமும் கிடையாது. ஊர்ப் பாசமும் குலதெய்வமும் மட்டுமே அவர்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. நாளின் முதல் வியாபாரத்துக் காசைச் சாமிக்கென்று எடுத்து வைப்பது அந்தக் கடைகளின் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஊர்களிலிருந்தும் உரிமையாளர்கள் வடக்கம்பட்டிக்குத் திரும்புகிறார்கள். நேர்ந்துவிட்ட கிடாய்களும் சேவல்களும் இரவோடு இரவாக அண்டா அண்டாவாகப் பிரியாணியாகின்றன. விடிந்ததும் வந்தவர் எல்லாருக்கும் அதுதான் பிரசாதம். சோறு விற்றுப் பிழைத்தவர்கள் வருஷத்தில் ஒரு நாள் சோற்றை விலையில்லாமல் போடுகிறார்கள். சத்திரத்து அறமும் ஓட்டல் கல்லாவும் கைகோக்கும் இடம் அந்தக் கோவில் வாசல்.

1951ல் மவுண்ட் ரோட்டில் ஏ.எம். புகாரி தொடங்கிய ஓட்டல் வேறொரு வாசலைத் திறந்தது. கொழும்பில் பழகிய ஓட்டல் நடைமுறைகளோடு வந்தவர் அவர். அதுவரை கல்யாண வீட்டிலும் தர்கா விருந்திலும் கண்ட பிரியாணியை நகரத்தின் பெரிய சாலையில் மேஜை போட்டு எல்லாருக்கும் பரிமாறினார். சிக்கன் 65 தங்கள் அடுக்களையில் 1965ல் பிறந்தது என்பது அந்த ஓட்டலின் உரிமைப் பேச்சு. திண்டுக்கல்லில் 1957ல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் பிரியாணி ஓட்டல் போட்ட நாகசாமி நாயுடு எப்போதும் தலையில் தலைப்பா கட்டியிருப்பார். சீரக சம்பா அரிசியில் அவர் செய்த பிரியாணிக்கு ஊர் வைத்த பெயர் தலப்பாக்கட்டி. கடையின் பெயரை உரிமையாளர் வைப்பார். நிலைக்கும் பெயரைத் தெரு வைக்கும்.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டத்தைக் கொண்டுவந்தார்கள். பாரிமுனை ஓரத்தில் அது இன்றும் கிடைக்கிறது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சேலத்துத் தட்டுவடையும் தத்தம் ஊரின் சந்துகளில் தத்தம் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டன. மாட்டுக்கறி மட்டும் இந்த ஏற்றத்தில் பின்தங்கி நின்றது. வட சென்னையின் தள்ளுவண்டிகளில் அதற்கு நல்ல கூட்டம் உண்டு. நடுத்தர ஓட்டல்களின் பட்டியலில் அதற்கு இடம் அபூர்வம். வாசல் மனிதர்களுக்குத் திறந்த பிறகும் அவர்களுடைய உணவுக்கு முழுதாகத் திறக்கவில்லை.

திரைச்சீலைக்கு அப்பால்

இத்தனை சண்டையிலும் பாதி ஜனங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓட்டல் என்பது ஆண்களின் இடம். குடும்பப் பெண்கள் ஓட்டலில் சாப்பிடுவது பல வீடுகளில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஓட்டல் பண்டம் பார்சலாக, மந்தார இலையில் மடித்து, வாழைநார் கட்டி வீட்டுக்கு வரும். பிறகு ‘ஃபேமிலி ரூம்’ வந்தது. மரத்தடுப்பு வைத்த சின்ன அறை, வாசலில் திரைச்சீலை, உள்ளே ஒரு மின்விசிறி. பெண் ஒருத்தி வெளியே உட்கார்ந்து தோசை சாப்பிட ஒரு சீலைத் துணியின் மறைவு தேவைப்பட்ட காலம் அது. அந்தத் திரை எந்தப் போராட்டமும் இல்லாமல், எந்தத் தேதியும் இல்லாமல், கல்லூரிக்கும் ஆபீசுக்கும் போன பெண்கள் கூட்டமாக வந்து உட்கார உட்காரத் தானே விலகியது.

அதில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னுக்குப் பங்குண்டு. 1962ல் கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்து மரங்களுக்கு நடுவே திறக்கப்பட்ட அந்த இடத்தில் கார் ஜன்னலிலேயே தட்டு மாட்டிக் கொடுப்பார்கள். காரில்லாதவர் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் பேசலாம். எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், மாணவ மாணவியர், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாருக்கும் அங்கே நிழல் இருந்தது. 2008ல் அது மூடப்பட்டது. அந்த நிலம் இன்று செம்மொழிப் பூங்கா.

பேட்டைக்கு ஓர் அடுப்பு

மவுண்ட் ரோட்டுக்கும் பாரிமுனைக்கும் போய்ச் சாப்பிட்ட காலம் மாறி, ஓட்டல் குடியிருப்புப் பகுதிக்கு வந்தது நகரம் விரிந்தபோது. கே.கே. நகரில் மளிகைக் கடை வைத்திருந்த பி. ராஜகோபாலிடம், இந்தப் பக்கத்தில் ஓட்டலே இல்லாததால் சாப்பிட தி. நகருக்குப் போக வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னதாகவும், அந்தப் பேச்சிலிருந்துதான் 1981ல் சரவண பவன் பிறந்ததாகவும் அந்த நிறுவனத்தின் கதை சொல்லப்படுகிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமமான புன்னையடியிலிருந்து வந்த அவர், ஊழியர்களுக்குத் தங்குமிடமும் மருத்துவச் செலவும் தந்த முதலாளியாகப் பேசப்பட்டார். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற குற்றவாளியாக 2019ல் இறந்தார். ஒரு பேட்டையின் பசியிலிருந்து கிளம்பிய கடை கண்டங்களைத் தாண்டியதும், அதன் உரிமையாளர் செய்த குற்றமும், இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வரலாறு.

ஓட்டல் வரலாற்றில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவரின் உரிமை ஒரு பாதி. மேஜை துடைத்தவரின் உரிமை இன்னொரு பாதி. 1958ல் சென்னை மாநிலம் உணவு நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து ஊழியர்களின் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. ஆனாலும் பஞ்சம் பிழைக்க வந்த பையன்கள் மேஜை துடைப்பதிலிருந்து தொடங்கி அடுக்களைத் தரையிலேயே படுத்துறங்குவது பல்லாண்டு தொடர்ந்தது. 2006 அக்டோபர் 10 முதல்தான் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேலைக்கு வைப்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தது. அதற்கு முன் நாம் குடித்த எத்தனையோ டம்ளர்களைக் கழுவியவை குழந்தைகளின் கைகள்.

அரசே ஓட்டல் நடத்தியதும் இந்த மண்ணில் நடந்தது. 2013 பிப்ரவரி 19 அன்று சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைத்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஆட்டோ ஓட்டுநர், கட்டட வேலைக்காரர், வேலை தேடி வந்த பட்டதாரி, பக்கத்து மருத்துவமனையில் நோயாளியோடு இருப்பவர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் டோக்கன் வாங்கி, நின்றபடி சாப்பிட்டார்கள். சமைத்த பெண் எந்த ஜாதி என்று அந்த வரிசையில் யாரும் கேட்கவில்லை. 1925ன் சேரன்மாதேவியை நினைத்தால், அந்த மௌனத்தின் மதிப்பு புரியும்.

அப்படியானால் வாசல் முழுதாகத் திறந்துவிட்டதா? இல்லை. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளரும் இன்னொரு சாராருக்குத் தனிக் குவளையும் வைக்கும் இரட்டைக் குவளை முறை இன்னும் முழுதாகச் சாகவில்லை. சட்டம் பார்க்கிறது என்பதால் சில இடங்களில் அது தூக்கியெறியும் காகிதக் குவளையாக மாறு வேஷம் போட்டிருக்கிறது. நகரத்தில் வேறொரு பலகை முளைத்திருக்கிறது. உணவு கொண்டுவரும் ஊழியர்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒட்டிய அறிவிப்புகள் செய்தியாகியிருக்கின்றன. பைக்கில் வந்து, நான்கு மாடி ஏறி, சூடு ஆறாமல் கொடுத்துவிட்டுப் போகும் இளைஞன் படிக்கட்டில் நிற்கும்போது, இறக்கிய பலகை இன்னொரு வடிவத்தில் ஏறுகிறது. ஓட்டல் வாசலில் கற்றதை வீட்டு வாசலில் மறக்கக் கூடாது.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. மாசச் சாப்பாட்டு டோக்கன் புத்தகங்கள், கரும்பலகையில் எழுதிய விலைப்பட்டியல்கள், திறப்பு விழாப் புகைப்படங்கள் எல்லாம் பழைய ஓட்டல் குடும்பங்களின் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. கடை கைமாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. அவற்றைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பது மனிதர்களின் ஞாபகம். 1957ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்கும் வயது.

உங்கள் தெருவில் புதிய ஓட்டல் திறந்தால் வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காபி வருவதற்குள், அவர் முதன்முதலாக ஓட்டலில் சாப்பிட்டது எந்த ஊரில், எந்த வருஷம், அன்று அவரை எந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள், அல்லது உட்காரவே விடவில்லையா என்று கேளுங்கள். சொன்னதை அன்றிரவே எழுதி வையுங்கள்.